ராமானுஜன் போட்ட அப்ளிகேஷன்

மக்களே, முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். சரித்திரத்துக்கு அப்புறம் போகலாம்.

போன மாதம் மதுரையில் ஒரு இன்டர்வியூ. விடியக்காலை கம்பத்தில் பஸ் ஏறி, பத்து மணிக்கு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். கையில் இரண்டு பக்க ரெஸ்யூம். அதை என் ரெஸ்யூம் என்று சொல்வது கொஞ்சம் ஓவர். சீனியர் அண்ணன் ஒருவருடையது. அவருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. வாட்ஸ்அப்பில் வந்த ஃபைலைத் திறந்து பேர், பிறந்த தேதி, மார்க் மூன்றையும் மாற்றிவிட்டு பிரிண்ட் எடுத்துப் போயிருந்தேன்.

இன்டர்வியூ எடுத்தவர் நிதானமாகப் படித்தார். "செஸ் விளையாடுவீங்களோ?" என்றார். எனக்குக் குதிரை எப்படி நகரும் என்றுகூடத் தெரியாது. ஹாபீஸ் வரியில் செஸ் இருந்திருக்கிறது! அடுத்த பக்கத்தைத் திருப்பினார். கடைசியில் டிக்ளரேஷனுக்குக் கீழே 'இடம்: சிவகாசி'. "கம்பம்னு சொன்னீங்களே தம்பி?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மூன்றாவது கேள்விதான் உள்ளே இறங்கிவிட்டது. "பிளஸ் டூ முடிச்சதுக்கும் காலேஜ் சேர்ந்ததுக்கும் நடுவுல ஒரு வருஷம் இருக்கே, அது எங்க?"

அந்த வருஷம் அப்பாவுக்கு முதுகுத்தண்டில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அம்மா தினமும் விடியுமுன் ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனார். நான் ஒரு திராட்சைக் கமிஷன் மண்டியில் சிட்டை எழுதினேன். எந்தத் தோட்டத்திலிருந்து எத்தனை பெட்டி, என்ன எடை, எவ்வளவு கழிவு, கமிஷன் போக யாருக்கு எவ்வளவு என்று தினமும் ராத்திரி எட்டு மணிவரை. கல்லூரியில் பேரேடு பாடம் நடத்தியபோது எனக்கு மட்டும் அது புதிதாகவே இல்லை. ஆனால் ரெஸ்யூமில் அந்த வருஷம் கிடையாது. சீனியர் ஃபைலில் அதற்கு இடமில்லையே! "சும்மாதான் சார் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டும்வரை என்மேலேயே கோபமாக வந்தது.

ரெஸ்யூமில் செய்யக்கூடாத தவறுகள் என்று தேடினால் ஆயிரம் பட்டியல் கிடைக்கிறது. எழுத்துப்பிழை கூடாது, கலர் கலராக அடிக்கக்கூடாது, இரண்டு பக்கம் தாண்டக்கூடாது... எல்லாம் சரிதான். ஆனால் நம் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர், கையில் டிகிரி இல்லாமல், ஃபெயிலான மார்க்கோடு, நிஜமாகவே வேலை கேட்டு எழுதியதை எடுத்து வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. அப்படித் தேடிப் போனபோது மாட்டியவர்தான் ஸ்ரீனிவாச ராமானுஜன். கணித மேதை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஒரு அக்கவுண்ட்ஸ் கிளார்க் என்பதை பி.காம் படிக்கிற நாமாவது ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாமா? :-)

அதற்கு முன் ஒரு சின்னப் பின்னணி. வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது நம் ஊர்களில் ரொம்பப் பழைய வழக்கம் இல்லை. கர்ணம், மணியக்காரர் வேலையெல்லாம் தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் ஓடியது. அப்பா உட்கார்ந்த திண்ணையில் மகன். (1980-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான் அந்தப் பதவிகளையே ஒழித்தார்கள். பிறகு வந்தவர்கள்தான் இன்றைய வி.ஏ.ஓ.க்கள்.) 1844-ல் கவர்னர் ஜெனரல் ஹார்டிஞ்ச் ஆங்கிலம் படித்தவர்களுக்கே அரசாங்க வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அதிலிருந்துதான் 'பாஸா, ஃபெயிலா' என்பது ஒரு மனிதனின் விலையாக மாறியது.

அந்த விலைப்பட்டியலில் ராமானுஜன் நிலைமை படுமோசம். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. சேர்ந்தார். எஃப்.ஏ. என்றால் ஏறக்குறைய இப்போதைய பிளஸ் டூ மாதிரி, பி.ஏ.வுக்கு முந்தைய படி. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனம் போகவில்லை. ஆங்கிலத்தில் கோட்டைவிட்டார், உதவித்தொகை போனது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கே உடலியல் பாடம் காலை வாரியது. 1906-ல் ஃபெயில், 1907-ல் மறுபடியும் ஃபெயில். 1909-ல் ஜானகியோடு கல்யாணம் ஆகிவிட்டது. இனி சம்பாதித்தே ஆகவேண்டும்.

அவர் முதலில் கையில் எடுத்துப் போனது விண்ணப்பம் இல்லை, நோட்டுப் புத்தகம். 1910-ல் திருக்கோவிலூருக்கு ரயிலேறினார். அங்கே டெபுடி கலெக்டராக இருந்தவர் வி.ராமஸ்வாமி ஐயர், இந்தியக் கணிதக் கழகத்தை 1907-ல் ஆரம்பித்தவர். தாலுகா ஆபீசில் ஒரு கிளார்க் வேலை கேட்டு, நோட்டைக் காட்டினார். பார்த்தவர் அசந்துபோனார். வேலை மட்டும் கொடுக்கவில்லை! ரெவின்யூ ஆபீசின் கடைசிப் படியில் உட்காரவைத்து இந்த அறிவை அமுக்கிவிட மனம் வரவில்லை என்ற அர்த்தத்தில் பின்னாளில் சொன்னார். பெரிய மனசுதான். ஆனால் திரும்புகிற ரயிலில் ராமானுஜனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வேலை கேட்டுப் போனவனுக்குப் பாராட்டு கிடைத்தது.

அங்கிருந்து சிபாரிசுக் கடிதங்கள் கைமாறி நெல்லூர் கலெக்டர் ஆர்.ராமச்சந்திர ராவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தன. கசங்கிய நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சவரம் செய்யாத முகத்தோடு வந்து நின்ற ஆளை அவர் முதலில் நம்பவில்லை. நம்பியபின் மாதம் 25 ரூபாய் கொடுத்து வந்தார். எவ்வளவு நாள்தான் இன்னொருவர் பணத்தில் சாப்பிடுவது?

1912 பிப்ரவரி 9. ராமானுஜன் திருவல்லிக்கேணியில் உட்கார்ந்து, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் எழுதுகிறார். மொத்தம் ஐந்தே வாக்கியம். உங்கள் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை காலி என்று அறிந்தேன், விண்ணப்பிக்கிறேன் என்பது முதல் வாக்கியம். மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தேன், எஃப்.ஏ. வரை படித்தேன், சில பாதகமான சூழ்நிலைகளால் மேலே தொடர முடியவில்லை என்பது இரண்டாவது. ஆனாலும் என் நேரம் முழுவதையும் கணிதத்துக்கே செலவழித்து அதை வளர்த்து வருகிறேன் என்பது மூன்றாவது. வேலை கொடுத்தால் ஒழுங்காகச் செய்வேன் என்ற நம்பிக்கை இருக்கிறது, தயவுசெய்து நியமிக்கவேண்டும் என்று மீதி இரண்டும். முடிந்தது.

இதை நான் நாலைந்து தடவை படித்தேன். இரண்டாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். 'ஃபெயில்' என்ற சொல் இல்லை. ஆனால் பாஸ் என்றும் இல்லை. மெட்ரிகுலேஷனுக்கு 'பாஸ்', எஃப்.ஏ.வுக்கு 'வரை படித்தேன்'. படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். கல்லூரியை விட்டபின் வந்த வெற்று வருஷங்களை மூன்றாவது வாக்கியம் எடுத்துக்கொள்கிறது. அந்த நாட்களில் என்ன செய்தான் இவன்? இதைத்தான் செய்தான். (என்னைப் போல 'சும்மா இருந்தேன்' என்று சொல்லவில்லை.)

இதைவிட ஆச்சரியம், அவர் எழுதாமல் விட்டது. 1911-ல் பெர்னோலி எண்கள் பற்றிய அவருடைய கட்டுரை இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வந்துவிட்டது. இன்றைக்கு நமக்கு அப்படி ஒன்று இருந்தால் ரெஸ்யூம் தலையிலேயே போட்டு, அடிக்கோடும் போடுவோம். அவர் போடவில்லை. அந்தச் சமயத்தில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் கொஞ்ச நாள் தற்காலிகமாகப் பார்த்த வேலையும் அந்த ஐந்து வாக்கியத்தில் கிடையாது. கட்டுரையை விட்டது சரி, கிளார்க் வேலைக்கு அது எதற்கு? ஆனால் அலுவலக அனுபவத்தை விட்டது தவறு என்றுதான் எனக்குப் படுகிறது. நேரம் முழுவதும் கணிதத்துக்கே என்று எழுதினதும் ரிஸ்க். ஒரு மேனேஜர் அதைப் படித்துவிட்டு, அப்போ என் ஆபீஸ் வேலையை யாரப்பா பார்ப்பது என்று கேட்டிருக்கலாம். (அப்படித்தான் நடந்தது, துறைமுகத்துப் பொட்டலத் தாளிலெல்லாம் கணக்குப் போட்டார்.)

யாரும் அப்படிக் கேட்கவில்லை. ஏனென்றால் கூடவே பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம் இருந்தது. துறைமுக அலுவலகத்தில் மேலே இருந்த எஸ்.நாராயண ஐயரும் இந்தியக் கணிதக் கழக உறுப்பினர்தான். 1912 மார்ச் 1-ல் ராமானுஜன் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஐந்து வாக்கியம் மட்டும் அந்த வேலையை வாங்கித் தரவில்லை. டெபுடி கலெக்டர், கலெக்டர், வெள்ளைக்காரப் பேராசிரியர் என்று ஒரு வரிசையே பின்னால் நின்றது. ராமானுஜனும் ஏழைதான், சாப்பாட்டுக்குக் கஷ்டப்பட்டவர்தான். ஆனால் அந்த வரிசையின் கதவைத் தட்ட அவரால் முடிந்தது. அதே காலத்தில் அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்றே தெரியாத வீடுகள் எத்தனை! அரசாங்க உத்தியோகம் சில வீடுகளுக்குள்ளேயே சுற்றுகிறது என்ற கோபத்தில்தான் 1916-ல் நீதிக்கட்சி பிறந்தது. 1921-ல் வகுப்புவாரி அரசாணை வந்தது. 1929-ல் சட்டம் போட்டு சென்னை மாகாணத்துக்கு என்று தனி சர்வீஸ் கமிஷன் அமைத்தார்கள்; இந்திய மாகாணங்களில் அதுதான் முதலாவது. நம் டி.என்.பி.எஸ்.சி.யின் பாட்டி. சிபாரிசு போய்ப் பரீட்சை வந்தது இந்த வழியாகத்தான். தனியார் கம்பெனிகளில் இன்னும் ரெஸ்யூம்தான், தெரிந்தவர்தான்.

மறுபடி ராமானுஜனிடம் வருவோம். அவருடைய இன்னொரு விண்ணப்பம்தான் உலகப் பிரசித்தம். 1913 ஜனவரி 16-ல் கேம்பிரிட்ஜ் ஜி.எச்.ஹார்டிக்கு எழுதிய கடிதம். அதற்கு முன்பே கேம்பிரிட்ஜின் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதியிருந்தார். பலன் இல்லை. லண்டனில் ஹில் என்ற பேராசிரியருக்கும் அவருடைய தாள்கள் போயின. ஹில் பரவாயில்லை, பதில் போட்டார்: திறமை தெரிகிறது, விளக்கம் தெளிவில்லை, விரி தொடர்களில் சறுக்கியிருக்கிறார், முதலில் இன்ன புத்தகத்தைப் படிக்கட்டும். தெளிவு பற்றிய புகார் அவருக்குப் புதிதும் அல்ல. முதல் கட்டுரையையே இதழாசிரியர் திரும்பத் திரும்பத் திருத்தி வாங்கவேண்டியிருந்தது. ஆபீசில் ராத்திரி கூட உட்கார்ந்து கணக்குப் போட்ட நாராயண ஐயரும், உன் இரண்டு வரிக்கு நடுவில் எனக்காகப் பத்து வரியாவது எழுதப்பா என்ற மாதிரி கெஞ்சியிருக்கிறார். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்து எழுதுவது மேதைகளுக்கும் வரும் வியாதி போலிருக்கிறது.

ஹார்டிக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்தை நான் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு பார்த்தேன். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வருஷம் 20 பவுண்டு மட்டுமே சம்பளம் வாங்கும் குமாஸ்தா, வயது சுமார் 23 என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். 30 ரூபாயை 12-ஆல் பெருக்கினால் 360. அன்றைய மாற்று மதிப்பு ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய். 24 பவுண்டு வருகிறது! நாலு பவுண்டைக் காணோம். வயது அதைவிட மோசம். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. கடிதம் எழுதிய அன்று 25 முடிந்து 25 நாள். உலகத்திலேயே எண்களோடு நெருங்கிப் பழகிய மனிதர் தன் சொந்த வயதை இரண்டு வருஷம் குறைத்து எழுதியிருக்கிறார்.

இன்னும் இருக்கிறது. எனக்குப் பல்கலைக்கழகக் கல்வி கிடையாது, சாதாரணப் பள்ளிப் படிப்புதான் என்கிறார். போன வருஷம் துறைமுகத்துக்கு எழுதியது என்ன? எஃப்.ஏ. வரை படித்தேன். அதே மனிதர், அதே இரண்டு கல்லூரிகள். கிளார்க் வேலைக்குக் கல்லூரி வாசலை மிதித்ததே ஒரு தகுதி. அதனால் அது உள்ளே வந்தது. கேம்பிரிட்ஜ்காரருக்கு முன்னால் பாதியில் நின்ற எஃப்.ஏ. ஒரு தகுதியே இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தனி வழியில் வந்தவன், ஆகவே என் எழுத்துமுறை உங்களுக்கு விசித்திரமாக இருக்கும் என்பதுதான் அங்கே சொல்லவேண்டிய செய்தி. இது பொய்யா? எங்கள் சாரிடம் கேட்டேன். "வயசு தப்பு, அது தப்புதான். படிப்பையும் கொஞ்சம் மறைச்சிருக்கார்டா" என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. டிகிரி வாங்கவில்லை என்பது இரண்டு கடிதத்திலும் உண்மையாகவே நிற்கிறது. யார் படிக்கப்போகிறார் என்று பார்த்து எந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுவது என்று முடிவு செய்திருக்கிறார். சாருக்கும் எனக்கும் இன்னும் இதில் சமாதானம் ஆகவில்லை.

ஹார்டி கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது வேறொரு இடம். நீங்கள் எழுதிய இன்ன புத்தகத்தில் 36-ஆம் பக்கத்தில், ஒரு எண்ணுக்குக் கீழே எத்தனை பகா எண்கள் என்று சொல்லத் திட்டமான கோவை இதுவரை இல்லை என்கிறீர்கள். நான் கண்டுபிடித்திருக்கிறேன் என்கிறார். பக்க எண்ணோடு! 'மதிப்புக்குரிய ஐயா' என்று பத்துப் பேருக்கு ஒரே காப்பி அனுப்புகிறவன் இதை எழுத முடியாது. லியொனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலான் பிரபுவுக்கு எழுதியதாகச் சொல்லும் வேலைக் கடிதமும் இதே ஜாதிதான். சண்டையில் இருக்கிற பிரபுவுக்கு முதலில் பாலம், பீரங்கி, முற்றுகைக் கருவி என்று வரிசையாக அடுக்கிவிட்டு, ஓவியமும் வரைவேன் என்று கடைசியில் ஒட்டவைத்தார். மோனாலிசா வரையப்போகிறவர்!

வேடிக்கை என்னவென்றால், ராமானுஜன் பக்க எண் போட்டுச் சொன்ன அந்தப் பகா எண் விஷயம் தவறு. ஹார்டி அதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு எது காப்பாற்றியது? சுமார் 120 தேற்றங்களைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை, சில தவறு, சிலவற்றைப் பார்த்து ஹார்டியும் லிட்டில்வுட்டும் ராத்திரி உட்கார்ந்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். இவை உண்மையாகத்தான் இருக்கவேண்டும், பொய்யாக இவற்றைக் கற்பனை செய்ய எவனாலும் முடியாது என்பது ஹார்டியின் முடிவு. பிப்ரவரி 8-ல் பதில் எழுதினார். 'கடின உழைப்பாளி, குழுவாக வேலை செய்பவர்' என்ற விவரமெல்லாம் ராமானுஜன் கடிதத்தில் கிடையாது. செய்ததை எடுத்து வைத்திருந்தார். அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் எஃப்.ஏ. ஃபெயில் விடவில்லை. பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவித்தொகை பெற முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது நோட்டைப் பார்த்துவிட்டுப் பரிந்துரை எழுதினார். விதியை ஓரம் வைத்துவிட்டு 1913 மே முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தார்கள். துறைமுகச் சம்பளத்தைவிட இரண்டரை மடங்கு. 1914 மார்ச் 17-ல் கப்பல் ஏறினார். 1916-ல் ஆராய்ச்சிக்காகவே கேம்பிரிட்ஜ் பி.ஏ. கொடுத்தது. 1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920-ல், 32 வயதில், சென்னையில் காலமானார்.

நான் மேதை இல்லை, எனக்குத் தெரியும். மூன்றாம் செமஸ்டரில் இரண்டு அரியர் வைத்து எழுதினவன். ஆனாலும் அந்த ஐந்து வாக்கியத்தைப் படித்தபின் பழைய ஃபைலை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. டெலீட் செய்துவிட்டு வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதிப் பார்த்தேன். செஸ் போனது. 'சவாலான சூழலில் என் திறமைகளை' என்று ஆரம்பிக்கும் அப்ஜெக்டிவ் போனது. என்ன எழுதியிருந்தது என்று எனக்கே கடைசிவரை புரியாத வாக்கியம் அது. இரண்டு அரியரும் கிளியர் செய்த தேதியோடு உள்ளே வந்தன. காணாமல் போன வருஷத்துக்கு இப்படி எழுதினேன்: 'கம்பத்தில் திராட்சைக் கமிஷன் மண்டியில் 11 மாதம் தினசரிச் சிட்டை, பேரேடு எழுதினேன், சீசனில் ஒரு நாளைக்கு நாற்பது விவசாயிகள் வரை கணக்குத் தீர்த்தேன்.' அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "நாப்பதா, அதுக்கும் மேலடா. ராத்திரி சாப்பாடு ஆறிப்போய் உக்காந்திருப்பேன்" என்றார். நாற்பது என்றே விட்டுவிட்டேன். ராமானுஜனே நாலு பவுண்டு குறைத்துத்தானே எழுதினார்.

மொத்தம் ஒரு பக்கம்தான் வந்தது. வியாழக்கிழமை தேனியில் இன்னொரு இன்டர்வியூ. நேற்று பிரிண்ட் எடுக்கப் போனபோது கடைக்கார அண்ணன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, டிக்ளரேஷன் போடலையா? எல்லாரும் போடுவாங்களே?"

"வேணாம்ணே. ரெண்டு காப்பி போதும்."